கறுப்புக் கரை போட்ட கவர்

கல்யாணமாகி வந்த பிறகு மலர்கொடி முதன்முதலாக ஓர் ஆளை அடித்தது ஒரு தபால்தலைக்காக. அடி வாங்கியவன் அவள் புருஷனின் அண்ணன் தர்மனுக்கு மச்சினன். விருந்துக்கு வந்தவன் வயிறு நிறையத் தின்றோமா, போனோமா என்று இல்லாமல், மாடத்தில் இருந்த கவரை எடுத்துத் தபால்தலை இருந்த மூலையைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் வாசலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையைக் கீழே வைக்காமலே வந்து அவன் தோளில் ஒன்று வைத்தாள். தோள்பட்டை இறங்கிவிட்டது. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் வெகு நாள் நடந்தான்.

பேர்தான் மலர்கொடி. கை என்னவோ உலக்கைக்கென்றே செய்த கை.

நான் கிருஷ்ணம்மாள். விக்கிரமங்கலத்தில் அவர்கள் வீட்டுக்கு எதிர் வீடு. தையல் மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பேன். அதனால் அந்த வீட்டில் விழுந்த அடிகளில் முக்கால்வாசி என் கண்ணெதிரில் விழுந்தவை. யாரும் சொல்லிக் கேட்டு இதைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே தர்மன் அந்த அடிக்குப் பதில் அடி கொடுத்தான். அவனுக்குத் தர்மன் என்று பேர் வைத்தவர்களைத்தான் முதலில் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். கொண்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, தம்பி பெண்டாட்டி என்றும் பார்க்காமல் காலால் உதைத்தான். நான் மிஷினை விட்டு எழுந்து ஓடிப்போய்க் குறுக்கே நின்று என் பங்குக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். அவள் அழுவாள் என்று பார்த்தால், கைக்குள் பொத்தி வைத்திருந்த கிழிசலை விரித்துக் காட்டி, "முத்திரை ரெண்டா போச்சேக்கா" என்றாள். எனக்கு அவளையே இரண்டு அறை அறையலாம் போல இருந்தது.

மலர்கொடி பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம். அவள் புருஷன் அய்யாக்கண்ணு கடற்படையில் இருந்தார். ரணசூர் என்று ஒரு கப்பல். வெள்ளைக்காரன் ஹிட்லரோடு சண்டை போட்ட காலத்தில் கட்டியதாம். சண்டை முடிந்து நம் தேசத்துக்கு வந்து பம்பாயில் நின்றது. அந்த ஜாதிக் கப்பலுக்குப் பேப்பரில் நாசகாரிக் கப்பல் என்று எழுதுவார்கள். தெருவுக்கு அது போதாதா? தர்மன் பெண்டாட்டி பொன்னம்மாள் தண்ணீர்க் குழாயடியில், "எங்க வூட்டு நாசகாரி வந்துட்டா, கொடத்த எடுங்கடி" என்பாள். குடம் உருளும், மயிர் பிடிக்கப்படும், இரண்டு பேரும் சேற்றோடு வீடு திரும்புவார்கள்.

அய்யாக்கண்ணுவுக்கு அந்தக் கப்பலில் தபால் வேலை. துறைமுகத்தில் இறங்கிப்போய் மூட்டையை வாங்கி வந்து ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பது, அவர்கள் எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஊருக்கெல்லாம் கடிதம் சுமக்கிற அந்த மனிதருக்குத் தானாக ஒரு வரி எழுத வராது. பேச்சே அளந்துதான் வரும். கல்யாணம் முடிந்து போனவரிடமிருந்து வந்த முதல் கவரை மலர்கொடி ஆசையாகப் பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. தலைகீழாக உதறினாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அடுத்ததும் வெறும் கவர். அதற்கடுத்ததும் அப்படியே.

லீவில் வந்தவரை, நாங்கள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"வெறுங் கவர அனுப்புறீங்களே, நான் என்ன கிறுக்கியா?"

அவர் சிரித்துக்கொண்டு ஒரு கவரை எடுத்துக் காட்டினார். தபால்தலையில் பாதியும் தாளில் பாதியுமாகத் தபால் ஆபீஸ் முத்திரை. அதில் ஊரும் தேதியும். பக்கத்தில் கப்பலின் சொந்த வட்ட முத்திரை. அதில் ஒரு சிங்கம் கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆபீசர்கள் இதை ஆல்பம் போட்டுச் சேர்க்கிறார்கள் என்றார்.

"இந்தத் தேதியில இந்த ஊர்ல கப்பலு நின்னுச்சு, கப்பல்ல நான் நின்னேன். கவரு வந்துதுன்னா நான் இருக்கேன்னு அர்த்தம். இதுக்கு மேல என்னத்த எழுதுறது?"

அதற்குப் பிறகு அவளுக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். தகரப் பெட்டி ஒன்றைக் காலி செய்து, பழைய வேட்டித் துணி விரித்து, கவர்களை அடுக்கினாள். பம்பாய், கொச்சி, விசாகப்பட்டினம், கொழும்பு என்று ஊர் ஊராகப் பிரித்தாள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக் கூட்டி எல்லா ஊரையும் படித்தாள். இங்கிலீஷ் எழுத்தை என்னிடம் கேட்டாள். நான் எட்டாவது. மசி இழுபட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் சோறு குழையும். தபால்காரர் ஆண்டவர், நம்மூர் முத்திரையை முன்பக்கம் அடித்துவிட்டார் என்று அவருடைய சைக்கிளைத் தள்ளிவிட்டு மிதித்திருக்கிறாள். "பின்னாடி குத்துங்கண்ணேன்னு எத்தன தடவ சொல்றது?" அவர் பாவம், அதற்கப்புறம் அவள் கவரைத் தனியாக ஒரு துணிக்குள் வைத்துக் கொண்டு வருவார்.

நானும் மாட்டினேன். ஒரு நாள் அவளுக்கு ரவிக்கை அளவெடுத்து, கைக்கு எட்டிய கவரின் மேல் பென்சிலால் குறித்துவிட்டேன். என் புறங்கையில் விழுந்தது ஓர் அடி. பென்சில் எங்கோ பறந்தது.

"பேனா, பென்சில் எது பட்டாலும் கவரு செத்துப்போச்சுக்கா. வெலாசத்தத் தவிர ஒரு கோடு இருக்கக் கூடாது."

நான் அவளுக்கு ஒரு மாசம் ரவிக்கை தைத்துக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் வெறும் கிறுக்கு என்றுதான் எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை வரைக்கும் நினைத்திருந்தேன். அந்த மார்கழியில் கவர் வரவில்லை. ஒரு கப்பல் முழுகிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அது வேறு கப்பல் என்றும் சொன்னார்கள். ஆனால் தெருவுக்கு ஒரு கப்பல்தானே தெரியும். துக்கம் விசாரிக்கவே ஆள் வந்தது. தர்மன் என்ன செய்தான் தெரியுமா? கடலைக்கொல்லையில் தம்பி பங்கென்று அப்பன் காட்டிவிட்டுப் போன இடத்தில் இருந்த வரப்பை வெட்டித் தன் பக்கத்தோடு சேர்த்தான். தம்பிக்குப் பிள்ளை இல்லை. தம்பியும் இல்லையென்றால் கொல்லை, முந்திரி, வீட்டில் பாதி எல்லாம் அவனுக்கு. பெண்டாட்டிக்குப் பாத்தியதை உண்டு என்று சட்டம் சொல்லலாம். சட்டம் திருச்சிக் கோர்ட்டில் இருந்தது. எங்கள் தெருவில் தர்மன் இருந்தான்.

மலர்கொடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பை மறுபடி போட்டாள். அவன் அதே மண்வெட்டிக் காம்பால் அடித்தான். முன்பல் ஒன்று போயிற்று. ரத்தம் வழிய வழிய வரப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆண்டவர் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குள் ஓடி வந்தார். பம்பாய் முத்திரை. தேதி, சண்டை முடிந்த பிறகான தேதி. அவள் அதைத் தர்மன் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"பாத்துக்குங்க மாமா. அவரு இருக்காரு."

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்றுதான் எனக்கு அந்தத் தகரப் பெட்டியின் அருமை புரிந்தது. அவள் சேர்த்து வைத்தது தாள் இல்லை. புருஷன் உயிரோடு இருக்கிறான், ஆகவே இந்த வீட்டில் தனக்கும் இடம் இருக்கிறது என்பதற்கான சாட்சி.

எங்கள் பக்கத்தில் கடிதத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம், காதுகுத்து என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். சாவு என்றால் ஓரத்தில் கறுப்பு மை தடவி வரும். கறுப்பு தடவியதை யாரும் வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். தெருவிலேயே நின்று சேதி தெரிந்துகொண்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். வீட்டில் வைத்திருந்தால் அது இன்னொரு சாவைக் கூப்பிடும் என்பார்கள். ஒரு முறை பொன்னம்மாள் நல்ல எண்ணமோ கெட்ட எண்ணமோ, வந்த கவரின் மூலையில் மஞ்சளைத் தடவிவிட்டாள். மலர்கொடி மஞ்சள் கிண்ணத்தை அவள் நெற்றியிலேயே எறிந்தாள். அந்த வடு கடைசி வரைக்கும் பொன்னம்மாள் நெற்றியில் இருந்தது.

பெரும்புயல் அடித்துத் தோப்பெல்லாம் படுத்த மறு வருஷம் அய்யாக்கண்ணு லீவில் வந்தபோது, கப்பலுக்கு வயதாகிவிட்டது என்று சொன்னார்.

"ஒடைக்கப் போறாங்க. கொடிய எறக்குற அன்னிக்கு ஒரு கடைசி முத்திர போடுவாங்க. நம்ம கையால எடுத்து உனக்கு அனுப்புறேன்."

கப்பலைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதை அப்போதுதான் கேட்டேன். மலர்கொடி அந்தக் கவருக்காகக் காத்திருந்தாள். ஆண்டவரை வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

வந்தது. அவள் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நேரம்.

ஆண்டவர் துணியைப் பிரிக்கிறார், கவரைச் சுற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. அச்சடித்த கரை. கப்பலை வழியனுப்ப இப்படி அச்சடித்திருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? ஆண்டவர் பயந்துபோனார். பழக்கப்படி வீட்டுப் பக்கம் வராமல் தெரு முனையிலேயே நின்று, ஆண்பிள்ளையைக் கூப்பிட்டார். தர்மன் வந்தான். கரையைப் பார்த்தான். கப்பல் படத்தைப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கூடப் பார்க்காமல் நாலாய், எட்டாய்க் கிழித்துக் குப்பைக்குழியில் வீசிவிட்டு, "தம்பீ!" என்று கத்தினான். ஆண்டவர் பயத்தில் செய்தது பழக்கம். இவன் ஆசையில் செய்தான். நான் மிஷினில் இருந்து பார்த்தேன், அவன் முகத்தில் துக்கம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து போயிற்று.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். பொன்னம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். தெரு கூடிவிட்டது. கொல்லையிலிருந்து மலர்கொடியை நடத்திக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் மண். அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

"கவரு எங்க?"

"சாவுக் கடுதாசிய வூட்லயாடி வச்சிருப்பாங்க? கிழிச்சாச்சு."

"முத்திர என்ன தேதி? வெலாசம் யாரு கையெழுத்து?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தி கலங்கிவிட்டது என்று ஒருத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். மலர்கொடி குப்பைக்குழியைப் பார்த்து ஓடினாள். தர்மன் குறுக்கே காலை நீட்டினான். முகம் குப்புற விழுந்தாள்.

"ஒரு கண்ணால பாத்துட்டு நானே அழுவுறேன். வுடுங்கடி என்னை!"

விடவில்லை. நாலைந்து பேர் அமுக்கிப் பிடித்தார்கள். கருங்கல்லில் கையை மோதி வளையலை உடைத்தார்கள். கண்ணாடி மணிக்கட்டில் இறங்கியது. அவள் ஒருத்தியின் கையைக் கடித்துச் சதையோடு எடுத்தாள். இன்னொருத்தியின் வயிற்றில் உதைத்தாள். கருமாதிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள் தாலிக்கு என்ன அவசரம்? பொன்னம்மாளுக்கு இருந்தது. நெற்றி வடுவுக்குப் பதிலாகவோ என்னவோ, கயிற்றைப் பிடித்து இழுத்த இழுப்பில் கழுத்தைச் சுற்றிக் கோடு போட்டது போல ரத்தம். அப்போதும் மலர்கொடி திமிறி எழுந்து குழியை நோக்கித்தான் போனாள். தர்மன் வண்டி நுகத்தடியை உருவி வலது முழங்கைக்குக் கீழே அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் என் வீடு வரை கேட்டது. நான் கூப்பாடு போட்டேன், நியாயம் கேட்டேன், மண்ணை வாரி இறைத்தேன். சாவு வீட்டில் நியாயம் பேசாதே என்று என் புருஷனே என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார். அந்த மனிதரோடு அதற்கப்புறம் நான் வெகு நாள் பேசவில்லை.

அவளை மாட்டுக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள்.

உடம்பு வராத சாவு. எதை எரிப்பது? தர்மன் அதற்கும் வழி வைத்திருந்தான். செத்தவன் புழங்கிய பொருளை வைத்து எரித்தால் சரியாகும் என்றான். உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்து வந்தான். "இதுதான் எந்தம்பி." பாடை கட்டி, பெட்டியை அதில் வைத்து, மேலே மாலை போட்டார்கள். தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைக்கக் கூடாதப்பா என்று ஒரு பெரியவர் சொல்லிப் பார்த்தார். அவன் காதில் விழவில்லை. இருட்டுவதற்குள் ஊரறிய ஒரு கொள்ளி வைத்தாக வேண்டும் அவனுக்கு. தூக்கிக்கொண்டு ஆண்கள் ஓடையைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போனார்கள். அத்தனை வருஷத்துக் கவரும் பிணமாகப் போயிற்று.

ஆண்கள் தெருவை விட்டுப் போனதும் நான் துணி அளக்கிற கஜக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரும்புக் கஜக்கோல். குப்பைக்குழியருகில் பொன்னம்மாள் வந்து, "தீட்டுக் கடுதாசியத் தொட்டுப் பாரு, கைய முறிக்கிறேன்" என்றாள். யார் கையை யார் முறிப்பது? முழங்காலில் ஒன்று போட்டேன். உட்கார்ந்துவிட்டாள். நான் சாணியையும் சாம்பலையும் விலக்கித் துண்டுகளைப் பொறுக்கினேன். அப்படியே கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையால் கொண்டியை நெம்பினேன்.

மலர்கொடி சுவரோரமாகக் கிடந்தாள். கை வீங்கித் தொங்கியது. துண்டுகளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து ரவிக்கை அளவு வெட்டுகிற பழுப்புத் தாளும் பழைய சோறும் கொண்டு வந்தேன். தாளை விரித்து, சோற்றைப் பிசைந்து தடவி, அவள் இடது கையால் காட்டக் காட்ட நான் ஒட்டினேன். அவளுக்கு இந்த வேலை கண்ணை மூடிக்கொண்டு வரும். தபால்தலைத் துண்டு எங்கே, முத்திரையின் வளைவு எங்கே, சிங்கத்தின் வால் எங்கே என்று அவள் விரல் போன இடத்தில் துண்டு பொருந்தியது. கப்பல் படம் வந்தது. படத்துக்குக் கீழே இரண்டு வருஷங்கள், இறந்தவர் படத்துக்குக் கீழே போடுகிற மாதிரி. முதல் வருஷத்தை வாய்விட்டுப் படித்தேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று.

"நாப்பத்தி ஒண்ணாக்கா? அவரு பொறந்தது நாப்பத்தி மூணு" என்றாள். "இது கப்பலுக்குப் போட்ட வருஷம்."

கடைசியாக விலாசம் கூடியது. திருமதி அ. மலர்கொடி, விக்கிரமங்கலம், திருச்சி ஜில்லா. அவருடைய கையெழுத்துத்தான். மலர்கொடியில் வருகிற 'டி'யின் மேல்வளைவை அவர் எப்போதும் மேல்வரி வரைக்கும் இழுத்துவிடுவார்.

"செத்துப்போனவரு தன் சாவுக்குத் தானே வெலாசம் எழுதுவாராக்கா?"

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். வாய் விட்டு, அந்த ஓட்டைப்பல் தெரிய அழுதாள். நானும் அழுதேன். இருந்தாலும் அது பல நாள் முன்னால் போட்ட தேதி. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கவர் சொல்லாது. அதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

கூரையில் செருகியிருந்த அருவாளை இடது கையால் உருவினாள். தாளை என்னிடம் கொடுத்தாள். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நாங்கள் போனோம்.

விறகு பிடித்து எரிந்துகொண்டிருந்தது. தகரம் சிவந்து மூடி திறந்து, கவர்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு மேலே எழும்பின. சாம்பலிலும் முத்திரையின் வட்டம் தெரிந்தது. மலர்கொடி ஒரு கணம் அதைப் பார்த்து நின்றாள். ஆண்கள் விலகினார்கள், அருவாளைப் பார்த்தா, பெண்ணைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் தாளைத் தூக்கிப் பிடித்து, இது அய்யாக்கண்ணு தன் கையால் எழுதிப் போட்டது, கப்பலுக்குத்தான் கறுப்பு, ஆளுக்கு இல்லை என்று கத்தினேன். கொள்ளி வைக்காதே என்ற அந்தப் பெரியவர் கிட்டே வந்து படித்தார். "அட பாவி, அவன் கையெழுத்துத்தாண்டா" என்றார்.

தர்மன் பாய்ந்து வந்தான்.

"தீட்டக் கொண்டாந்தவளே, குடு அத. அதையும் இதுல போடணும்."

அவன் கை தாளைப் பிடித்தது. அருவாள் இறங்கியது. இடது கை அடிதான், ஆனாலும் இரண்டு விரல் மண்ணில் விழுந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் ஓடைக்கரை நாரையெல்லாம் எழும்பியது. மலர்கொடி அவனைப் பார்க்கவில்லை. தாளில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

அவனை வண்டியில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் மறுநாள் ஜெயங்கொண்டம் போய், கப்பல் விலாசத்துக்கு ஒரு தந்தி கொடுத்தேன். 'அய்யாக்கண்ணு இருக்கிறாரா, உடனே சொல்லவும்.' பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மலர்கொடி வீட்டுக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டு, மடியில் அருவாளோடு இருந்தாள். கைக்கு மூங்கில் பத்தை வைத்து நான்தான் கட்டினேன். பெரம்பலூரிலிருந்து அவள் அப்பா வந்து, "வந்துரும்மா, இங்க உனக்கு என்ன இருக்கு" என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ப் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"அவரு வரட்டும் சார். அப்புறம் தூக்குல வேணாலும் போடுங்க. அது வரைக்கும் இந்த வூட்ட வுட்டு எறங்க மாட்டேன்."

அவர் வரமாட்டார் என்று தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

வந்தார். தந்தியைப் பார்த்ததும் லீவு கேட்டு, பம்பாயிலிருந்து ரயில் மாறி மாறி அரியலூரில் இறங்கி, பஸ் பிடித்து வந்தார். தோளில் பை, காலில் கடற்படைக் கறுப்புப் பூட்ஸ். தெருவில் பெண்கள் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எரித்த ஆள் நடந்து வந்தால் ஓடாமல் என்ன செய்வார்கள்? பொன்னம்மாள் நொண்டிக்கொண்டே ஓடினாள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னேன். போய்க் கதவைத் தட்டினார்.

"மலரு."

தாழ் விலகியது. அவள் வெறும் கழுத்தும் கட்டுப் போட்ட கையுமாக வெளியே வந்தாள். மேலிருந்து கீழ் வரை அவரைப் பார்த்தாள். அருவாளைக் கீழே போட்டாள். பிறகு இடது கையை ஓங்கி, தெருவே பார்க்க, அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவள் புருஷனை அடித்தது அதுதான் முதலும் கடைசியும்.

"உள்ள நாலு வார்த்த எழுதிப் போட்டா கை ஒடிஞ்சா போயிரும்? என் கைய ஒடிச்சுப்புட்டாங்களே!"

அவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. அவள் கழுத்தில் இருந்த கோட்டைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுததை நான் பார்த்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தர்மன் கேஸ் கொடுக்கவில்லை. கொடுத்தால் உயிரோடு இருக்கிற தம்பியைப் பாடை கட்டி எரித்த கதையும் கோர்ட்டுக்கு வரும். அந்த வாரமே பெரியவர்கள் கொல்லையை அளந்து கல் நட்டார்கள். தாலியை மறுபடி கட்டும்போது நான்தான் பக்கத்தில் நின்றேன். அய்யாக்கண்ணு வேறு கப்பலுக்குப் போய், எண்பதுகளில் வேலை முடிந்து ஊரோடு வந்தார். அந்தக் கப்பலிலிருந்து அவர் கவர் எதுவும் அனுப்பவில்லை. இன்லண்டு லெட்டர்தான் எழுதினார், மூன்று பக்கமும் நிறைய, எல்லாம் சாப்பாட்டைப் பற்றி.

ஆனால் அவர் வந்த அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். மலர்கொடி உள்ளே போய், பழுப்புத் தாளில் ஒட்டிய அந்தக் கவரை எடுத்து வந்தாள். அவள் சேர்த்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். என் வீட்டுக்கு வந்து பேனா வாங்கிப் போனாள். கவரை அவர் முழங்கால் மேல் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்க."

"இது மேலயா? கடைசி முத்திர மலரு. கவரு கெட்டுப்போவும்."

"எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"இருக்கேன்னு."

அவர் எழுதினார். கப்பல் படத்துக்கும் சிங்க முத்திரைக்கும் நடுவில், பெரிய எழுத்தில், இருக்கேன் என்று. பேனா பட்டால் கவர் செத்துப்போச்சு என்று என் கையில் அடித்தவள், மை காய்கிற வரைக்கும் குனிந்து அதை ஊதிக்கொண்டிருந்தாள்.